நடுவில் நின்ற முள்

அத்தியாயம் 5

"செத்தது எஞ்சின். தண்டனை ஆபரேட்டருக்கு. நல்லா இருக்கு அண்ணி இவங்க நியாயம்!"

டூல் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மண்மேட்டில் ஏறியபடியே பொரிந்து தள்ளினாள் ரேடியோ.

ரேடியோ என்பது அவளுக்குத் தொழிலில் விழுந்த பட்டப்பெயர். வாயைத் திறந்தால் பேட்டரி தீரும்வரை மூட மாட்டாள். முன்னால் போய்க்கொண்டிருந்தவள் அவளுடைய அண்ணன் மனைவி. எந்நேரமும் கழுத்தில் கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் தொழிலில் இருப்பவர்களுக்கெல்லாம் அவள் மீட்டரம்மா. அண்ணன், அண்ணி, நாத்தனார் மூன்று பேருமாக நடத்தும் பட்டறைக்கு ஒரே வேலைதான். செகண்ட் ஹாண்டில் கைமாறி வரும் எக்ஸ்கவேட்டர்களின் மின்சாரக் கோளாறைக் கண்டுபிடிப்பது. வண்டியைத் திருடினவனைப் பிடிக்கப் போலீஸ் இருக்கு, வண்டிக்குள்ள ஓடுற கரண்டைத் திருடினவனைப் பிடிக்க நாங்க இருக்கோம் என்று ரேடியோ ஜம்பம் அடித்துக்கொள்வாள். அதில் பெரிய பொய்யும் இல்லை.

மேட்டின் மறுபக்கம் அஸ்திவாரக் குழி. அதன் ஓரத்தில் கையை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது வண்டி. குழியில் பாதி தோண்டியிருந்தது. மீதிப் பாதி அப்படியே கிடந்தது.

மூன்று பேர் காத்திருந்தார்கள். குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தவர் கான்ட்ராக்டர். இந்த வண்டியைப் போன மாதம்தான் வாங்கியிருந்தார். நிழல் பார்த்து நின்றவர் அதை அவருக்கு விற்ற பழைய வண்டி யார்டு முதலாளி. அவர் பூசியிருந்த சென்ட் டீசல் வாடையையும் மீறி மூக்கில் ஏறியது. அதனாலேயே சுற்றுவட்டாரத்தில் அவருக்கு சென்ட்டு என்றே பெயர். மூன்றாவது ஆள் வண்டியின் செயின் மேல் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டர்.

"வாம்மா, வா," என்றார் சென்ட்டு, சொந்தக்காரர் மாதிரி. "உங்களைக் கூப்பிடுங்கன்னு சொன்னதே நான்தான். நாளைக்கு யாரும் ஒருதலைப்பட்சம்னு சொல்லிடக் கூடாது பாருங்க."

"என்ன ஒரு பெருந்தன்மை!" என்றாள் ரேடியோ. அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ரேடியோ சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள்.

விஷயத்தைக் கான்ட்ராக்டர் சொன்னார். முந்தாநாள் மதியம் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் முறுக்கிப் பிடித்து நின்றுவிட்டது. தண்ணீர் ஹோஸ் வெடித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது. சூடு ஏறினால் முள் சிவப்புக்குப் போயிருக்கும், பஸ்ஸர் அலறியிருக்கும், கண்ட்ரோலரில் கோளாறு எண், அதாவது ஃபால்ட் கோடு, பதிந்திருக்கும். சென்ட்டு தன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். ஒரு கோடும் இல்லை.

"வண்டி சுத்தம். சென்சார் சுத்தம். அப்ப தப்பு யாரு மேல?" என்றார் சென்ட்டு. "தண்ணி பாக்காம ஏறி உக்காந்திருக்கான். முள்ளு ஏறினதையும் பாக்கல. போன்ல எதையோ பாத்துட்டு இருந்திருப்பான்."

"என்கிட்ட போனே கிடையாது வண்டில," என்றார் ஆபரேட்டர். தலை நிமிரவில்லை. "டிபன் பையோட கீழ வச்சிட்டுதான் ஏறுவேன். தண்ணியும் பாத்தேன். முள்ளு நடுவுலதான் இருந்துச்சு."

"இதையே கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிட்டு இருக்கான்மா!" கான்ட்ராக்டர் வெடித்தார். "ஒரே ஒரு வார்த்தை. கவனிக்காம ஓட்டிட்டேன்னு ஒத்துக்கோன்னு கேக்குறேன். ஒத்துக்கிட்டா இவர் சாயங்காலமே வேற வண்டி அனுப்புறேன்கிறார். என் வேலை நிக்காது. இவன் லைசென்ஸையும் இவன்கிட்டயே குடுத்துடுவேன். இல்லன்னா ஆபரேட்டர் சங்கத்துல போய்ச் சொல்லத்தான் போறேன்."

அவர் சட்டைப் பையில் அந்த லைசென்ஸ் அட்டையின் முனை தெரிந்தது. சங்கத்தில் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கவனம் இல்லாதவன் என்று ஒருமுறை பெயர் கெட்டால், அதற்கப்புறம் அந்த ஆளை நம்பி எவரும் வண்டிச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள்.

"சொல்லுங்க," என்றார் ஆபரேட்டர். இப்போது தலை நிமிர்ந்தது. "சங்கத்துல சொல்லுங்க, ஊரைக் கூட்டிச் சொல்லுங்க. மீசை முளைச்ச நாள்ல இருந்து இந்த சீட்டுலதான் உக்காந்திருக்கேன். செய்யாத தப்பை ஒத்துக்கிட்டு வாங்குற லைசென்ஸ் எனக்கு எதுக்கு? முள்ளு நடுவுலதான் இருந்துச்சு."

ரேடியோவுக்கு அந்த ஆளை உடனே பிடித்துப்போய்விட்டது. கைதட்டலாமா என்றுகூடத் தோன்றியது. அண்ணி பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

மீட்டரம்மா ஸ்கேனரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு கோடுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

"எத்தனை கை மாறின வண்டி. ஒரு பல்பு, ஒரு ரிலே, ஒண்ணும் மக்கர் பண்ணலையா?"

"நம்ம வீட்டுலயே ஆளுக்கு நாலு கோளாறு இருக்கு அண்ணி," என்றாள் ரேடியோ. "இவ்வளவு நல்ல பிள்ளையா இருந்தா எனக்குச் சந்தேகமா இருக்கு."

"விக்கும்போது எல்லாத்தையும் அழிச்சு சுத்தமாத்தான் குடுப்போம்," என்று சிரித்தார் சென்ட்டு. "அதுக்கப்புறம் புதுசா எதுவும் விழலையே, அதைப் பாருங்க."

மீட்டரம்மா ஆபரேட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அண்ணே, காலையில வந்ததும் என்ன செய்வீங்க? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

"என்ன செய்வேன்... ஆயில் பாப்பேன், தண்ணி பாப்பேன். ஏறி ஸ்டார்ட் பண்ணிட்டு உடனே இறங்கிடுவேன்."

"இறங்கி?"

"எஞ்சின் சூடாகுற நேரத்துல பின்னுக்கெல்லாம் கிரீஸ் அடிப்பேன். ஒரு சுத்து சுத்தி வந்து செயின், போல்ட்டு எல்லாம் பாப்பேன். அப்புறம்தான் மேல ஏறி உக்காருவேன்."

"அப்ப முள்ளு எங்க இருக்கும்?"

"நடுவுல வந்து நின்னுருக்கும்."

மீட்டரம்மா மெல்லச் சிரித்தாள். "நீங்க கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா இந்த எஞ்சின் பிழைச்சிருக்கும்ணே," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். ஆபரேட்டர் ஒன்றும் புரியாமல் விழித்தார். ரேடியோவுக்கும் புரியவில்லை. ஆனால் அதை வெளியில் காட்டிக்கொண்டால் உதவியாளர் மரியாதை என்னாவது? எல்லாம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனாள்.

"மேல ஏறி சாவியப் போடு. ஸ்டார்ட் ஆகாது, ஆக வேண்டாம். மீட்டர் பலகைக்கு கரண்ட் வந்தாப் போதும். முள்ளைப் பாத்து என்கிட்ட மட்டும் மெதுவாச் சொல்லு."

ரேடியோ கேபினில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். விளக்குகள் கண் சிமிட்டி அடங்கின. சூடு காட்டும் முள் மெல்ல எழுந்து, நடுவில் வந்து, சமர்த்தாக நின்றது.

முந்தாநாளிலிருந்து கிடக்கும் எஞ்சின். தொட்டால் கை சில்லிடுகிறது. அதற்கு நடு முள்!

"அடப்பாவி," என்றாள் ரேடியோ. ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணி, பொணத்துக்கு நாடி துடிக்குது," என்று கிசுகிசுத்தாள்.

"இப்பப் பாரு." மீட்டரம்மா எஞ்சின் மூடியைத் தூக்கி, உள்ளே கைவிட்டு, சூடு பார்க்கும் சென்சாரின் பிளக்கையே பிடுங்கிவிட்டாள். பிடுங்கிய மறுநொடி பஸ்ஸர் கத்த வேண்டும், கோடு விழ வேண்டும். எதுவும் நடக்கவில்லை. முள் நடுவிலிருந்து ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

ரேடியோவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. சென்சார் செத்தால் கோடு விழும். சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரே அளவைக் காட்டும் ஒரு ரெசிஸ்டரை யாராவது சும்மா வைத்துவிட்டால், கண்ட்ரோலரைப் பொறுத்தவரை எஞ்சின் எப்போதும் சௌக்கியம். கோடு ஏன் விழப்போகிறது? குளிர்ந்த எஞ்சினில் சாவியைப் போட்டு நாலு நிமிஷம் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். இந்த மனுஷர்தான் ஸ்டார்ட் பண்ணியவுடன் இறங்கி, எஞ்சின் சூடாகிற நேரமெல்லாம் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தாரே! அவர் திரும்பி ஏறும்போது முள் நடுவில்தான் இருக்க வேண்டும், இருந்தது. அவருடைய நல்ல பழக்கமே அவருக்கு எமனாக வந்துவிட்டது.

மீட்டரம்மா வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். எஞ்சினின் பின்பக்கம், வயர் கட்டை ஒரு இரும்புக் கிளாம்ப் பிடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், நெளிநெளியான குழாய்க்குள் லேசாக ஒரு புடைப்பு. குழாயைப் பிளந்தாள். கறுப்பு டேப். பிளேடால் கீறினாள்.

உள்ளே ரெசிஸ்டர் இருந்தது. அதை இணைத்த சால்டர் ஜாயிண்டுகள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று வராமல், படிப்படியாகத் தள்ளித் தள்ளி அமைந்திருந்தன. அழகான வேலை. அவசரமே இல்லாத கை.

ரேடியோ சிறுவயதிலிருந்து பார்த்துவந்த கை. அவளுடைய அண்ணன் கை.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோ நின்றுபோனது. 

பின்னால் சென்ட் வாடை அடித்தது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" சென்ட்டு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார். "நானும் மெக்கானிக்கா இருந்து வந்தவன்தான்மா. யாரு கை வேலைன்னு எனக்குத் தெரியாதா? என் யார்டுல வச்சு உங்க வீட்டுக்காரர் செஞ்சது. இப்ப நீங்க வாயத் திறந்தா முதல்ல நாறுறது உங்க பட்டறை பேரு. எதுக்கு உங்களைக் கூப்பிடச் சொன்னேன்னு இப்பப் புரியுதா? குழாயை மூடிட்டு, வயரிங் சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போய்ட்டே இருங்க. ஆபரேட்டர்தானே, நாலு நாள் போனா எல்லாரும் மறந்துடுவாங்க."

 அண்ணன் இப்படிச் செய்வானா? செய்ய மாட்டான். ஆனால் வேலை அவனுடையது. கண்ணெதிரில் கிடக்கிறது. அவள் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். மூடிவிடலாம் அண்ணி என்று சொல்லத் துடித்தது நாக்கு. சொல்லியிருந்தால் அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவளே தன்னை மன்னித்திருக்க மாட்டாள்.

மீட்டரம்மா பிளேடை மடக்கி இடுப்பில் செருகினாள். நிமிர்ந்தாள்.

"கான்ட்ராக்டர் சார்! ஆபரேட்டர் அண்ணே! ரெண்டு பேரும் இங்க வாங்க!"

"ஏம்மா..." என்றார் சென்ட்டு.

"இந்த வண்டில சூடு காட்டுற முள்ளு பொய் சொல்லுது. சென்சாருக்குப் பதிலா ரெசிஸ்டர் வச்சிருக்கு. எஞ்சின் நெருப்பா எரிஞ்சாலும் முள்ளு நடுவுலதான் நிக்கும். ஆபரேட்டர் சொன்னது அத்தனையும் உண்மை." அவள் குரல் குழியின் மறுகரை வரை கேட்டது. "இன்னொண்ணும் கேட்டுக்கங்க. இந்த ரெசிஸ்டரை வச்சது என் வீட்டுக்காரர். இதை நான் வெளியில சொல்லக் கூடாதுன்னு இவர் இப்பத்தான் என்னை மிரட்டிட்டு இருந்தார். என் புருஷனா இருந்தா என்ன, யாரா இருந்தா என்ன? ஒரு மனுஷன் பொழப்பைக் குழில போட்டு மூடிட்டு என் பட்டறைப் பேரைக் காப்பாத்தணும்னா அந்தப் பேரே எனக்கு வேணாம்!"

கான்ட்ராக்டர் குனிந்து ரெசிஸ்டரைப் பார்த்தார். சென்ட்டின் முகம் ஒரு கணம் சுண்டி, பிறகு சமாளித்துக்கொண்டது.

"நான் எங்க மிரட்டினேன்? எனக்கு இந்த ரெசிஸ்டரே இப்பத்தான் தெரியும்! இந்த ஆபரேட்டரே எஞ்சின் போனப்புறம் யாரையாவது வச்சு சொருகியிருப்பான். இல்லன்னா இவங்க வீட்டுக்காரர் எனக்குத் தெரியாம செஞ்சிருப்பார்!"

"என் அண்ணன் வாயிலயே கேப்போம்," என்றாள் ரேடியோ. குரல் திரும்பி வந்திருந்தது. போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "அண்ணா, யார்டுல ஏதாவது வண்டிக்கு டெம்பரேச்சர் சென்சாருக்குப் பதிலா ரெசிஸ்டர் வச்சியா? மறைக்காம சொல்லு. எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க."

"வச்சேனே," என்றது அண்ணன் குரல், சாவகாசமாக. "சென்சார் போயிருந்துச்சு, புதுசு வரல. ஷெட்டை விட்டு வண்டியை டிரெய்லர்ல ஏத்தணும், கோடு விழுந்து எஞ்சின் ரேஸ் ஆகல, அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணிக் குடுன்னார் சென்ட்டு. வச்சுக் குடுத்தேன். ஏன், இன்னும் அவர் மாத்தலையா? மஞ்சள் டேப்தானே சுத்தியிருந்தேன்!"

அந்தப் பட்டறையில் அது சட்டம். நிரந்தர வேலைக்குக் கறுப்பு டேப். தற்காலிக வேலைக்கு மஞ்சள். மூடியைத் திறந்தவர் கண்ணில் பளிச்சென்று அடித்து, என்னை மாத்து என்று சொல்ல வேண்டும் என்பதற்காக. சட்டம் போட்டவளே ரேடியோதான்.

"மஞ்சளா?" சென்ட்டு வாய்விட்டுச் சிரித்தார். "எங்க இருக்கு மஞ்சள்? எல்லாரும் பாருங்க, சுத்தி சுத்திக் கறுப்புதான் இருக்கு. என் யார்டுல எந்த வண்டிலயும் மஞ்சள் டேப்பை நான் பாத்ததே இல்ல. புருஷன் செஞ்ச தப்பை மறைக்கக் குடும்பமே சேர்ந்து கதை கட்டுது!"

கான்ட்ராக்டர் சந்தேகத்தோடு மீட்டரம்மாவைப் பார்த்தார். ஆபரேட்டரின் முகத்தில் அப்போதுதான் ஏறியிருந்த வெளிச்சம் மறுபடி இறங்கத் தொடங்கியது. மீட்டரம்மா கீறிய டேப்பை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

ரேடியோ அந்தக் கறுப்பு டேப்பையே முறைத்துப் பார்த்தாள். அந்தக் கறுப்புச் சுற்று கிளாம்ப் வரைக்கும் வந்து, கிளாம்பின் விளிம்பில் முடிந்திருந்தது. விளிம்பில். 

முன்பு ஒருமுறை, வண்டி அதிர்கிற அதிர்வில் மஞ்சள் டேப் அவிழ்ந்து ஃபேனில் சுற்றிக்கொண்டு பெரிய ரகளையாகிவிட்டது. அன்றிலிருந்து அண்ணன் உயிரை வாங்கி அவள் இன்னொரு பழக்கம் ஏற்படுத்தியிருந்தாள். சுற்றுகிற டேப்பை நடுவில் ஆரம்பிக்கக் கூடாது. கிளாம்பைக் கழற்றி, அதற்கு அடியிலிருந்து ஆரம்பித்து, கிளாம்பை மறுபடி இறுக்கிவிட வேண்டும். பிடி விடாது.

"அண்ணி," என்றாள் ரேடியோ. "அந்தக் கிளாம்பைக் கழட்டணும். நாம கழட்ட வேணாம். சார் கையால கழட்டட்டும்."

மீட்டரம்மாவின் கண் விரிந்தது. ஸ்பேனரை எடுத்துக் கான்ட்ராக்டர் கையில் கொடுத்தாள்.

"அதை எதுக்கு இப்பக் கழட்டிக்கிட்டு!" என்று ஒரு அடி முன்னால் வந்தார் சென்ட்டு. ஆபரேட்டர் குறுக்கே வந்து நின்றார். மண்ணோடு மல்லுக்கட்டிய உடம்பு. சென்ட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

போல்ட்டின் மேல் கிரீஸும் தூசியும் கல்லாக இறுகிக் கிடந்தன. கான்ட்ராக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். கிளாம்ப் வாயைப் பிளந்தது.

அடியில், அழுக்குப் படாமல், ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் வளையம். அதன் ஒரு ஓரம் பிளேடால் நேராக அறுக்கப்பட்டிருந்தது.

"போல்ட்டைக் கழட்டச் சோம்பல் பட்டுக்கிட்டு, விளிம்போட அறுத்துட்டு, மேல கறுப்பைச் சுத்தி, குழாயையும் மாட்டி மறைச்சுட்டீங்க," என்றாள் ரேடியோ. "மஞ்சளைப் பாத்ததே இல்லன்னு சொன்னீங்களே முதலாளி, இந்தாங்க, கண்குளிரப் பாருங்க."

 சென்ட்டு கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உங்கண்ணன் மேலயும் தப்பு இருக்கு," என்று ரேடியோ கையிலிருந்த போனைப் பார்த்துச் சொன்னாள் மீட்டரம்மா. எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாள். "வச்சதை மாத்தினாங்களான்னு திரும்பப் போய்ப் பாத்திருக்கணும்."

 "பாத்திருக்கணும்," என்றது அண்ணன் குரல். "அந்த ஆபரேட்டர்கிட்ட நானே வந்து பேசுறேன்."

கான்ட்ராக்டர் ஸ்பேனரைக் கீழே போட்டார். சென்ட்டைப் பார்த்து, "வேற வண்டி அனுப்புறேன்னீங்களே, அதை நீங்களே வச்சுக்கங்க. நாம பேச வேண்டிய இடம் இனிமே வேற," என்றார். பிறகு ஆபரேட்டர் பக்கம் திரும்பி, கண்ணைப் பார்க்காமல், சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

"இந்தாப்பா. ஆனது ஆச்சு. விடு."

ஆபரேட்டர் கையை நீட்டவில்லை.

"மேல ஏறுங்க சார்."

"என்ன?"

"கேபின்ல ஏறி என் சீட்டுல உக்காருங்க. சாவி போட்டபடிதான் இருக்கு."

சுற்றிலும் அதற்குள் கம்பி கட்டுகிறவர்கள், கலவை போடுகிறவர்கள் எல்லாம் கூடிவிட்டிருந்தார்கள். கான்ட்ராக்டர் அவர்களைப் பார்த்தார். மீட்டரம்மாவைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் செயினில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, திணறித் திணறி ஏறி சீட்டில் உட்கார்ந்தார்.

எஞ்சின் சில்லென்று கிடந்தது. பிடுங்கிய சென்சார் பிளக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"முள்ளு எங்க இருக்கு சார்?" என்று கீழிருந்து கேட்டார் ஆபரேட்டர்.

கான்ட்ராக்டர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல சார். நான் சொன்னப்ப இவங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. நீங்க சொல்றதும் கேக்கட்டும்."

ரேடியோ டூல் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். இந்த இடத்தில் பேச வேண்டியது அவள் இல்லை.

"நடுவுலப்பா," என்றார் கான்ட்ராக்டர், எல்லோருக்கும் கேட்கும்படி. "முள்ளு நடுவுலதான் இருக்கு."

ஆபரேட்டர் கையை மேலே நீட்டி, அவர் கையிலிருந்த லைசென்ஸை வாங்கிக்கொண்டார்.